தாடை இல்லாதவன் கேட்டது

"அந்த ஜன்னலோரக் கட்டில்ல உன் புருஷனப் போடாதம்மா."

"ஏன் வுகாதின் மாமா, அதுல பேய் படுத்திருக்கா?"

"படுத்திருந்தா விட்டுடலாமே. அது எந்திரிக்கப் பாக்குது."

காலையில் கிழட்டு ஆர்டர்லி இப்படிச் சொன்னபோது நர்ஸ் ஸ்தமென்கா சிரித்துவிட்டாள். அந்தச் செர்பியப் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியான நாளிலிருந்து போர்முனையின் மாட்டுவண்டிகள் வந்தபடியே இருந்தன. வேறு கட்டில் ஏது? தாடை சிதறி வந்த அவள் கணவன் மிலுதினை அதில்தான் கிடத்தினார்கள்.

"அசைஞ்சா ரத்தம் பீறிடும். மல்லாந்தே கிடக்கட்டும்," என்றார் டாக்டர்.

இப்போது மதியம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அயோடின் நெடி, ஈரக் கம்பளி வாடை.

போன வாரம் அதே கட்டிலில் செத்தவன் ஒப்ராத். அவனுக்கும் தாடையில்தான் குண்டு; அவனையும் மல்லாத்தித்தான் கிடத்தியிருந்தார்கள். பேச வாயில்லை. உள்ளங்கையை மேலே மேலே தூக்கிக் காட்டினான். ரக்கியாவுக்குத்தான் ஏங்குகிறான் என்று வுகாதின் இரண்டு சொட்டுச் சாராயம் விட்டார். உயிர் பிரியும்போது பிடித்துக்கொள்ள மெழுகுவர்த்தி கேட்கிறான் என்று ஸ்தமென்கா நினைத்தாள். ஏற்றிக் கையில் வைத்தாள். அது பாதி உருகுமுன் அவன் அடங்கிவிட்டான்.

களக்.

மிலுதினின் தொண்டையா? இல்லை. சத்தம் தலைமாட்டிலிருந்து வந்தது.

மெழுகு வாடை அடித்தது. அறையில் எந்த மெழுகுவர்த்தியும் எரியவில்லை.

மயங்கிக் கிடந்த மிலுதினின் தோள்கள் மெத்தையை விட்டு மெல்ல எழும்பின. கைகள் துவண்டு தொங்கின. யாரோ அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது போல.

"விடு அவர!" பாய்ந்து அமுக்கினாள். "உங்கூடக் கூட்டிட்டுப் போகாதடா, பாவி! கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆகலடா!"

கட்டுத்துணியைக் கிழித்து அவன் மார்பைக் கட்டிலோடு இறுக்கிக் கட்டினாள்.

மிலுதினின் உதடு நீலம் பாரித்தது.

களக். களக்.

இப்போது இரண்டு தொண்டைகளில்.

"மாமா... இங்க வாங்களேன்..."

வாசலில் நின்ற வுகாதின் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். கால் எடுத்து வைக்கவில்லை.

பனிக்கட்டி போல ஓர் உள்ளங்கை அவள் முழங்கைக்கு அடியில் பட்டது. மேலே தூக்கியது. மறுபடியும். மறுபடியும்.

பிறகு அவள் காதோரம், தெளிவாக ஒரு குரல்:

"ரத்தம் தொண்டைக்குள்ள எறங்குது, தங்கச்சி. மூச்சு முட்டுது. என்னத் தூக்கி உக்கார வையேன்."