பதினோராவது வார்த்தை

“அர்த்தம் தெரியாம பிரிண்ட் போட மாட்டேனுங்க.”

முகிலன் அவ்வளவுதான் சொன்னான். எதிரே நின்றவளின் துப்பட்டா நுனியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக அவள் போகும் பிரிண்டிங் யூனிட்டில் அன்று கரண்ட் இல்லை. பல்லடம் ரோட்டில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இன்னொரு போர்டு தெரிந்தது. அப்படித்தான் எக்ஸ்போர்ட் கம்பெனி ஆர்டரோடு அனுசுயா உள்ளே வந்தாள்.

“சார், இது ஐரிஷ் பாஷை. அயர்லாந்துல இளவட்டங்க ஒரு குழுவா டி-ஷர்ட் கேட்டிருக்காங்க. எழுத்து நல்லா விழுந்தாப் போதாதா?”

“போன வருஷம் அப்படித்தானுங்க போட்டேன். கெட்ட வார்த்தையாப் போயி மொத்தச் சரக்கும் திரும்பி வந்துருச்சு. இந்த டிசைன்ல இருக்கிற பன்னெண்டு வார்த்தைக்கும் தமிழ்ல அர்த்தம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் ஸ்கிரீன் போடலாம்.”

அவள் நிமிர்ந்தாள். கண்களில் மை கரைந்திருந்தது... கோபம் கரையவில்லை.

“கோவில்பட்டிக்காரிகிட்டயே சட்டம் பேசுதீங்களா? எழுதித் தாரேன். படிக்கும்போது நீங்கதான் வெட்கப்படணும்.”

போய்விட்டாள். மனைவி தரணி இறந்த இந்த மூன்று வருடங்களில் முகிலன் எதையும் நின்று பார்த்ததில்லை. அன்று, அவள் நின்ற இடத்தில் தேங்கிய ஈரத்தைக் காயும்வரை பார்த்தான்.

மறுநாள் தாளோடு வந்தாள். அவன் மேசையிலேயே உட்கார்ந்து அயர்லாந்துக்கு வீடியோ கால் போட்டாள். டி-ஷர்ட் கேட்ட குழுவின் ஆள் ஓஷீன். எல்லாம் உடம்பைப் பற்றிய வார்த்தைகள்... காமத்தைப் பற்றியும்.

“அவங்களும் நம்மள மாதிரிதான் சார். இந்தப் பேச்சு வந்தா உடனே இங்கிலீஷுக்குத் தாவிருவாங்களாம். சொந்த பாஷையில கூச்சமில்லாமப் பேசணும்னுதான் இந்த டி-ஷர்ட்டு.”

“ஏழாவது என்னங்க?”

“தோலோட தோல் தட்டுறது.”

“அப்படின்னா?”

“அதுதான் சார்.”

“எதுங்க?”

“அய்யோ... அதுதான் சார்!”

பிரிண்டிங் டேபிளிலிருந்து மாஸ்டர் முருகேஷ் இருமினார். “ஏனுங்க, எங்களுக்கும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

அவள் முகம் சிவந்தது. அவன் காதுகளும்தான்.

நான்கு நாட்கள் வந்தாள். நான்கு நாட்களும் ஓஷீன்... ஓஷீன்... அவனுக்குப் பெயர். தனக்கு மட்டும் ‘சார்’. முகிலன் போனில் நேரம் பார்த்தான். அயர்லாந்தில் இப்போது காலை பத்தரை. இவனுக்கு வேலை வெட்டி இல்லையா? அவளுடைய அந்தச் சிரிப்பு அவனுக்கு எதற்கு?

நான்காம் நாள் தாள் நிறைந்தது. பதினோராவது வரியில் மட்டும் ‘செஸ்ட்’ என்று இருந்தது.

“தமிழ்ல வேணுங்க.”

“அதை எப்படி சார் எழுதுறது? கை வர மாட்டேங்குது.” போனைப் பார்த்துச் சிரித்தாள். “ஓஷீன் அவங்க ஊர் கால்வேக்குக் கூப்பிடுதாரு சார். அங்க கடல் இருக்காம்.”

கடல். முகிலனுக்குள் ஏதோ அறுந்தது.

“இந்த அசிங்கத்தை என் யூனிட்ல போட முடியாதுங்க.”

அவள் போனை அணைத்தாள்.

“அசிங்கமா? நாலு நாளா உங்க முன்னாடி உக்காந்து பேசினேனே... அதுவுமா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. டிசைனை எடுத்துக்கொண்டாள். தாளை விட்டுவிட்டு மழையில் இறங்கினாள்.

முருகேஷ் மை படிந்த கையைத் துடைத்தபடி வந்தார். “எங்கம்மா பேரு உண்ணாமுலைங்க. ரேஷன் கார்டுலயே இருக்குது. திருவண்ணாமலை அம்மனுக்கே அந்தப் பேருதான். யாரும் அசிங்கம்னு சொல்லலீங்க. உங்களுக்கு வேற எங்கியோ எரியுது.”

முகிலன் பேனாவை எடுத்தான். ‘செஸ்ட்’டை அடித்தான். ‘முலை’ என்று எழுதினான். தாளைப் பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு ஓடினான்.

பஸ் ஸ்டாப்பில் அவள் மட்டும் இருந்தாள். தாளை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“பொய் சொன்னேனுங்க. அசிங்கமில்லை... பொறாமை.”

“யார் மேல?”

“அயர்லாந்து மேல.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவன் சிரிக்கவில்லை.

“என் சம்சாரம் தரணிக்கு முலையில கட்டி வந்துச்சுங்க. ஏழு மாசம் என்கிட்டச் சொல்லலை. அவளுக்குச் சொல்ல வாய் வரலை. எனக்குக் கேக்க வாய் வரலை. டாக்டர்கிட்டகூட ‘இங்க’ன்னு விரலைத்தான் காட்டினா. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் இப்போது தாளை வாங்கிக்கொண்டாள். பதினோராவது வரியைப் படித்தாள்.

“நீங்க ஓஷீன்கிட்ட அவ்வளவு சாதாரணமாப் பேசினப்ப... அந்த இடத்துல நான் இருக்கணும்னு தோணுச்சுங்க. உங்களப் புடிச்சிருக்கு. பேச மட்டுமில்லை... தொடவும் ஆசையா இருக்கு. அதை மறைச்சுட்டு மிச்சத்தைச் சொன்னா, மறுபடியும் அதே தப்பைப் பண்றேன்னு அர்த்தம்.”

திருப்பூர் பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர் இருவரையும் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. அவள் ஏறவில்லை.

“ஓஷீன் அழகன்தான்,” என்றாள். “கண்ணு நீலம்.”

முகிலன் தரையைப் பார்த்தான்.

“ஆனா அவருக்கு எல்லா அர்த்தமும் முன்னாடியே தெரியும். உங்களுக்குத்தான் ஒவ்வொண்ணாச் சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒரே நாள்ல முடிக்கிற வேலை... எதுக்கு நாலு நாள் வந்தேன்னு நினைச்சீங்க?”

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் இன்றைக்கும் மை கரைந்திருந்தது... கோபமும்.

“பேனா குடுங்க.”

கொடுத்தான். பன்னிரண்டு வார்த்தைகளுக்கும் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவன் கையில் வைத்தாள்.

“ஸ்கிரீன் போடுங்க... முகிலன்.”

“சார் இல்லீங்களா?”

“சாரையெல்லாம் தொடக் கூடாதுல்லா?”