விர்ஜில் அடைத்து வைத்த எண்

கீச்சென்று அலறியது அது.

கார்லண்ட் பதறிப்போய்க் கையிலிருந்த கருவியை நழுவவிடப் பார்த்தார். கடைக்குள் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பிறகு சிரித்தார்கள்.

"டிரைவரே, அது உங்க பூட்ஸு!" என்றான் கடைக்காரன் ட்ராய். "முனையில இரும்பு வெச்ச பூட்ஸைப் போட்டுக்கிட்டு மெட்டல் டிடெக்டர் வாங்க வந்தா அப்படித்தான் கத்தும். இந்த ஊர்ல எல்லாரும் முதல்ல கண்டுபிடிக்கிற புதையல் அவங்கவங்க பூட்ஸுதான். அதை நம்பி முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினவங்ககூட இருக்காங்க."

ட்ராயைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கியவர் கார்லண்ட். இப்போது பேருந்து ஓட்டுவதில்லை. போன கோடையில் மார்பெலும்பைப் பிளந்து இதயத்தைச் சரிசெய்து, கம்பி போட்டு மூடியிருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சும்மா நடக்க அவருக்குக் கால் வரவில்லை. மனைவி லோரீன்தான் வழி சொன்னாள். "வர்ஜீனியாவுல எந்த வயலைக் கிளறினாலும் உள்நாட்டுப் போர்ல சுட்ட குண்டு வருது. அதைத் தேடிக்கிட்டாவது நட. நீ எனக்கு இன்னும் ரொம்ப நாள் வேணும், கார்லண்ட்."

கடையிலிருந்த பெரிய கருவியைத் தூக்கியதும் மார்புத் தையல் இழுத்தது. சின்னதோ பொம்மை போல் இருந்தது. "அது வேண்டாம்," என்றான் ட்ராய். "நம்ம ஊரு செம்மண்ணு பூரா இரும்புச் சத்து. மலிவு மெஷினெல்லாம் அதுல ஓயாம புலம்பும். எங்கேயாவது செகண்ட் ஹேண்ட்ல நல்லதா கிடைச்சா வாங்கிடுங்க. ஆனா வாங்கின கையோட பழைய ஆள் போட்ட செட்டிங்கை அழிச்சிடணும். ஒருத்தன் ஆணிச் சத்தத்தை அடைச்சிருப்பான், ஒருத்தன் பீர் மூடியை அடைச்சிருப்பான். அது தெரியாம நீங்க ஊமை மெஷினோட ஊரைச் சுத்துவீங்க."

"குண்டுன்னா எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு நம்பர். ஈயக் குண்டுன்னா திரையில ஐம்பத்தெட்டுன்னு வரும். வந்தா கண்ணை மூடிக்கிட்டுத் தோண்டுங்க. அந்த நம்பருக்காகத்தான் நாங்கெல்லாம் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறோம்."

அந்தச் சனிக்கிழமையே கிடைத்தது. ஹெட்ரிக் அம்மாள் செத்துப்போன கணவரின் பொருள்களை வீட்டு வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். மீன் தூண்டில்கள், தொப்பிகள், ஒரு ரேடியோ. எல்லாவற்றுக்கும் கடைசியில், மற்றவற்றைத் தொடாமல் தனியாக, கராஜ் சுவரில் சாய்ந்திருந்தது அந்தக் கருவி. எடை குறைவு. நல்ல வகை. கார்லண்டின் கைக்கென்றே செய்தது போல் பொருந்தியது.

"எவ்வளவும்மா?"

"குடுக்கறதைக் குடு, கண்ணு. என் கண்ணுல படாம போனா சரி."

"உங்க வீட்டுக்காரர்..."

"விர்ஜிலா? நெஞ்சு." அவள் தன் மார்பின் நடுவில் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். "தினமும் நடந்த மனுஷன். சிகரெட்டுகூடக் கிடையாது." காரில் கருவியை வைத்தபோது பின்னாலேயே வந்து கண்ணாடியைத் தட்டினாள். "கண்ணு, அவரு அதுல என்ன வெச்சிருந்தாரோ அப்படியே இருக்கட்டும். மாத்தாதே."

பாவம், கணவர் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டார் கார்லண்ட். தலையாட்டினார்.

வீட்டுச் சமையலறை மேசையில் கருவியை வைத்து இயக்கினார். அடுப்பில் பீன்ஸும் பன்றி எலும்பும் கொதித்துக்கொண்டிருந்தன. ஆணி, பீர் மூடி, தகரம் எதையுமே விர்ஜில் அடைத்து வைத்திருக்கவில்லை. வரிசையில் ஒரே ஒரு கட்டம்தான் கறுப்பாக இருந்தது. ஐம்பத்தெட்டு.

எல்லாரும் ஏங்கும் எண்ணை இந்த மனிதர் ஏன் ஊமையாக்கினார்? விரல் தவறிப் பட்டிருக்கும். ட்ராய் சொன்னபடி பழையதை அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை இருண்டு மீண்டும் ஒளிர்ந்தது. அப்போது மேசையில் சும்மா கிடந்த கருவி, வாயில் அடைத்த துணியை உருவியதும் மூச்சை இழுக்கும் ஆளைப் போல, மெல்ல ஒரு சத்தம் போட்டது.

மறுநாள் மதியம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹாட்சர் தன் சோயா வயலில் தேட அனுமதி கொடுத்தார். "தோண்டின குழியை மூடிடு. அது போதும்." அறுவடை முடிந்த தாள்கள் காலடியில் நொறுங்க, ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை குளிர் காற்றோடு மூக்கில் ஏற, தூரத்து வேலியில் காக்கைகள் ஒன்றோடொன்று வம்பளந்துகொண்டிருக்க, ரப்பர் பூட்ஸ் போட்ட கார்லண்ட் கருவியின் அடித் தட்டை இடமும் வலமும் வீசி வீசி நடந்தார். மார்பு வலிக்கவில்லை. நீண்ட நாளுக்குப் பிறகு சீட்டியடித்தார்.

ஹெட்போனில் மணி போல் கணீரென்று ஒலித்தது. ஐம்பத்தெட்டு. ஆழம் பத்து அங்குலம்.

மண்டியிட்டுத் தோண்டினார். பத்து அங்குலத்தில் ஒன்றுமில்லை. குழிக்குள் தட்டை வைத்தார். சத்தமில்லை. எழுந்து நின்று காலருகே வீசினார்.

ஐம்பத்தெட்டு. எட்டு அங்குலம்.

தள்ளிப் போய் நின்றார். அங்கும் அதே எண், அதே கணீர். வேலி ஓரம். அங்கும். பெல்ட்டைக் கழற்றி வேலியில் போட்டார். கடிகாரம். சாவி. திருமண மோதிரத்தைக்கூட எச்சில் தடவி உருவினார். கையை நீட்டித் தூரத்து மண்ணில் வீசினால் அமைதி. தன் காலருகே கொண்டுவந்தால் கணீர். காக்கைகள் எப்போது போயின என்று தெரியவில்லை. வயலில் அவருடைய மூச்சும் அந்த மணியும் மட்டுமே இருந்தன.

ஏழு அங்குலம்.

குழியை மூடாமலேயே காருக்கு ஓடினார்.

வீட்டு வாசலில் சிமென்ட் தளம். லோரீன் ஊற்றச் சொல்லி ஊற்றியது, அவர் கண்ணெதிரே. அதற்குள் எந்தப் போரின் குண்டும் இருக்க வழியில்லை. காரைவிட்டு இறங்கி நின்று தட்டைத் தாழ்த்தினார்.

ஐந்து.

"என்னாச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?" லோரீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சொன்னார். அவள் சிரித்தாள். "பூட்ஸாதான் இருக்கும். கழற்று."

கழற்றினார். வெறுங்காலோடு நின்றார். சிமென்ட் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. கணீர்.

லோரீன் சிரிப்பதை நிறுத்தினாள்.

"மாடிக்குப் போ," என்றாள். "மண்ணுல இருக்கறது மாடிக்கு வராது."

படுக்கையறையின் பலகைத் தரை. அதன் கீழே சமையலறை. அதன் கூரையில் விளக்கு. அவ்வளவுதான். மண் இல்லை, கல் இல்லை. லோரீனே கருவியைக் கையில் வாங்கினாள். சத்தம் வெளியே கேட்கட்டும் என்று ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். கட்டிலருகே வீசினாள். அமைதி. ஜன்னலருகே. அமைதி. அவர் காலருகே.

மூன்று.

"படுத்துக்கோ," என்றாள். குரல் மாறிவிட்டது. "தரையில கால் வைக்காதே."

படுத்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கீழே அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் நாற்றம். யாரும் அணைக்கப் போகவில்லை. லோரீன் தட்டை அவர் பாதத்தின்மேல் பிடித்தாள். அமைதி. முழங்கால். அமைதி. வயிறு. அமைதி. அவளுக்கு மூச்சு வந்தது, அவருக்கும் வந்தது.

மார்பு.

முதலில் தாழ்ந்த ஒரு உறுமல். "அது கம்பி," என்றார் கார்லண்ட். "ஆஸ்பத்திரியில போட்ட கம்பி. இந்த மெஷின்ல இரும்புன்னா அப்படித்தான் உறுமும்." உறுமலுக்கு அடியிலிருந்து, தெளிவாக, அந்த மணி.

கணீர்.

ஐம்பத்தெட்டு. இரண்டு அங்குலம்.

வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கனம் மட்டும். முதுகுப் பக்கம் உள்ளே, விரல் நுனி அளவுக்கு, குளிர்ந்த ஒரு கனம். அது அசைந்தது. கொஞ்சம் மேலே. நின்றது. மறுபடி கொஞ்சம்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்." லோரீன் போனை எடுத்தாள்.

"முதல்ல ஹெட்ரிக் அம்மாவை," என்றார். "என்னன்னு கேளு. எப்படி நிறுத்தறதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். மறுபடி அடைச்சிட்டா போதுமான்னு கேளு."

விற்பனை அறிவிப்பில் அவள் எண் இருந்தது. போன் மணி அடித்தது. லோரீன் போனைத் தலையணை மேல் வைத்தாள், இருவருக்கும் கேட்கும்படி. ஒரு கையில் கருவி. மறு கையால் பொத்தான்களை அழுத்தி அழுத்தித் தேடினாள். ஐம்பத்தெட்டாம் கட்டம் இருந்தது. அழுத்தினாள். கறுப்பாகவில்லை. மறுபடி அழுத்தினாள். கறுப்பாகவில்லை.

"ஹலோ?"

"அம்மா, நான் லோரீன். கார்லண்ட் வீட்டுக்காரி. அந்த மெஷின்..." பொத்தானை மறுபடி அழுத்தினாள். "அதுல ஒரு நம்பர்..."

மறுமுனையில் எங்கோ ஒரு கடிகாரம் ஓடுவது கேட்டது.

"அழிச்சிட்டானா?" என்றாள் கிழவி. "அந்த நம்பரை அடைச்சு, அதைக் கேட்காம இருந்தா அது தூங்குதுன்னாரு விர்ஜில். ஒரு நாள் திறந்து கேட்டுட்டாரு; அவரு போனப்புறம்தான் அது தானா மறுபடி அடைஞ்சுது. இப்ப எத்தனை காட்டுது, கண்ணு?"

லோரீன் திரையைப் பார்த்தாள். கார்லண்டும் பார்த்தார். அவர் சட்டையின் நடுப் பொத்தான், யாரோ உள்ளிருந்து தட்டியது போல், லேசாக ஒரு முறை எம்பியது.

"ஒண்ணு," என்றாள்.

"அப்ப யாரையும் கூப்பிட்டு நேரத்தைக் கழிக்காதே, கண்ணு. பக்கத்துல உட்கார்ந்து அவன் கையைப் பிடிச்சுக்கோ. எனக்கு அதுக்குக்கூட நேரம் கிடைக்கல."