பொத்தான் வகுப்பு

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஊருக்குப் புறப்பட இரண்டே நாள் இருக்கும்போது, அக்கா கட்டிய பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் போகலப்பா. நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்றாள்.

கடல் தாண்டி ஒரு நாடு. அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஒரு வருடம் சம்பளம் வாங்காமல் கணக்குச் சொல்லித்தர அக்கா அந்த ஆபீஸில் தானாகவே பெயர் கொடுத்திருந்தாள். நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்தாள். பேசப் பேசப் பயம் கூடியதுதான் மிச்சம்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு நம்ம பாஷை தெரியாது, எனக்கு அவங்க பாஷை தெரியாது. நான் போய் அங்க என்னத்தக் கிழிக்கப் போறேன்?"

"உன் இஷ்டம்மா," என்றார் அப்பா, தையல் மிஷினை மிதித்துக்கொண்டே.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். அக்கா போகமாட்டாள்! இனி என் தலையை யார் பின்னுவார்கள் என்ற கவலை தீர்ந்தது.

"வாலு, இதையெல்லாம் அலமாரில வை," என்றாள் அக்கா. வாலு என்பது நான்தான்.

பெட்டியின் அடியில் கையை விட்டேன். ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது. அசைத்ததும் 'கலகல' என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா!

எனக்கு நாலு வயதிருக்கும்போது அக்கா நடத்திய பள்ளிக்கூடம் அது. அப்பாவின் மிஷினுக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கதவுதான் கரும்பலகை. துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் அதில் எழுதுவாள். மாணவர்கள் பதினாறு பேர். பதினைந்து பேர் பொத்தான்கள், பதினாறாவது நான்.

தினமும் வருகைப் பதிவு உண்டு. "பெரிய கறுப்பு?" என்று அக்கா கூப்பிடுவாள். கட்டைக் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்பேன். "குட்டி வெள்ளை?" கீச்சுக் குரலில் "உள்ளேன் டீச்சர்." இரண்டு ஓட்டைச் சிவப்புதான் பெரிய சேட்டைக்காரன். பாதி வகுப்பில் மிஷினுக்கு அடியில் உருண்டு ஓடிவிடுவான். அவனைத் தேடிப் பிடித்து வருவதற்குள் பாடம் முடிந்துவிடும். நான் கூட்டல் கழித்தல் எல்லாம் கற்றது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். இப்போது நினைத்தாலும் அந்தச் சாக்குக்கட்டி வாசனை வருகிறது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, கடல் தாண்டி எடுத்துப்போகப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டா போகமாட்டேன் என்கிறாள்? என் குதியாட்டம் நின்றுபோனது. அழுகையாகக்கூட வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே தெருவில் இறங்கிவிட்டேன். ஓயாமல் தும்முகிற 'தும்மல்', எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற 'சந்தேகம்', பிறகு 'ஒல்லி'. மூவரையும் கூட்டி வந்து மிஷினுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்தேன்.

"நமக்கு நம்ம பாஷையே தெரியாது. வாய்க்கு வந்ததைப் பேசணும். சிரிச்சா வெளிய அனுப்பிடுவேன்," என்றேன்.

"தும்மலாமா?" என்று கேட்டாள் சந்தேகம்.

"எந்தப் பாஷைலயும் தும்மலாம்."

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "இவங்க அந்த நாட்டுப் பிள்ளைங்க. பாடம் எடு," என்று சொல்லிவிட்டு நானும் வரிசையில் உட்கார்ந்தேன்.

அக்கா குறிப்பை விரித்தாள். "வணக்கம் பிள்ளைகளே! இன்றைக்கு நாம்..."

"கிக்கிரி பும்மா?" என்றான் ஒல்லி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"மொக்கோ லபா!" என்றாள் சந்தேகம்.

அக்கா பக்கங்களைப் புரட்டினாள். நாற்பது பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை. முகம் வெளுத்துவிட்டது. "பாத்தியா வாலு? நான் சொன்னேன்ல, என்னால முடியாது," என்று திரும்பினாள். சுவர்க்கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

நான் சும்மா இருந்தாலே போதும். அக்கா வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

கூடவே கொண்டுவந்திருந்த பொத்தான் டப்பாவைத் திறந்தேன். இரண்டு ஓட்டைச் சிவப்பைத் தரையில் உருட்டிவிட்டேன். அவன் வழக்கம்போல ஓடி, மிஷினுக்குப் போகிற வழியில் அக்காவின் காலில் முட்டி விழுந்தான்.

அக்கா குனிந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நாற்பது பக்கத்தையும் மிஷின் மேல் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு பொத்தானை வைத்தாள். ஒல்லியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"கிக்கிரி," என்றான் ஒல்லி.

"கிக்கிரி!" என்று அக்காவும் சொன்னாள். இரண்டு பொத்தான் வைத்தாள்.

"மொக்கோ!" என்றாள் சந்தேகம்.

மூன்று வைத்தபோது தும்மல் "ஹச்!" என்று தும்மிவிட்டான். அக்கா அதையும் விடவில்லை. மூன்றுக்கு 'ஹச்' என்றே வைத்துக்கொண்டாள்! பிறகு ஒன்றையும் இரண்டையும் சேர்த்துத் தள்ளி, "கிக்கிரி, மொக்கோ..?" என்று கையை விரித்தாள்.

"ஹச்!" என்று மூவரும் கத்தினார்கள். மிஷினை நிறுத்திவிட்டு அப்பாவும் கத்தினார்.

ஐந்து வரை போய்விட்டோம். ஒரு இடத்தில் ஒல்லி தடுமாறி இரண்டுக்குக் கிக்கிரி என்றான். அக்கா தலையை ஆட்டி, "மொக்கோ," என்று திருத்தினாள். எங்கள் பாஷை எங்களைவிட அவளுக்கு நன்றாக வந்தது.

கடிகாரம் பத்து அடித்தது. யாரும் போன் பக்கம் போகவில்லை.

மறுநாள் கார் கிளம்பும்போது அக்கா ஜன்னல் வழியாக என் கையில் எதையோ திணித்தாள். இரண்டு ஓட்டைச் சிவப்பு.

"இவன் அங்க வந்தா என் மானத்த வாங்கிடுவான். நீயே வெச்சு மேய்ச்சுக்கோ," என்றாள். சிரித்தாள், கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கார் போனபிறகு வீடு பெரிதாகிவிட்டது போல இருந்தது. மாலையில் அப்பாவிடம் சாக்குக்கட்டி வாங்கிக்கொண்டு அலமாரிக் கதவு முன்னால் நின்றேன். சிவப்பைத் தரையில் வைத்து வருகைப் பதிவைத் தொடங்கினேன்.

"இரண்டு ஓட்டைச் சிவப்பு?"

"உள்ளேன் டீச்சர்."

"வாலு?"

"உள்ளேன் டீச்சர்."

"அக்கா?"

இதற்கு எந்தக் குரலில் பதில் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு என் சொந்தக் குரலிலேயே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்:

"அவங்க பாடம் எடுக்கப் போயிருக்காங்க டீச்சர்!"