ஞாயிற்றுக்கிழமை முனகாத கிணறு

"எங்க கெணறு முனகுதுங்க," என்றாள் சகாயம்மாள்.

காரைக்குடியில் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் சந்திரலேகாவைத் தேடி, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

உதவியாளர் பெல்சி நாற்காலியை முன்னால் இழுத்தாள். "பேயாக்கா?"

சந்திரலேகா திரும்பிப் பார்த்தாள். பெல்சி வாயை மூடிக்கொண்டாள்.

"எப்பல்லாம் முனகுது?"

"பகல் பூரா. தண்ணியும் கீழ போயிக்கிட்டே இருக்கு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து பாத்தா சத்தமில்ல, தண்ணி ஏறி நிக்குது. ஆத்துல செத்தவன் கூப்பிடுறாங்குறாக. எம் மக அங்குட்டுப் போறதே இல்ல."

அவள் வயலுக்கு அடுத்து, ஆற்றங்கரைத் தாழ்வில் கிராவல் குவாரி. குழியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்தால்தான் சரளை அள்ள முடியும். சுற்றுக் கிணறுகள் வற்றாமலிருக்க ஒரு நிபந்தனை உண்டு. குவாரிக்கும் வயலுக்கும் நடுவே, நிலத்தடி நீர்மட்டம் பார்க்க ஓர் இரும்புக் குழாய் இறக்கியிருந்தார்கள். அதில் நீர்மட்டம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் இறைப்பதை நிறுத்த வேண்டும். ஆனால் அது இறங்கவே இல்லை. நாளை அதிகாரிகள் வந்து அந்தக் குழாயை அளந்து, இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி கொடுத்துவிடுவார்கள். அதோடு சகாயம்மாளின் கிணறும் தென்னையும் போய்விடும்.

"எங்கண்ணன் உபகாரசாமியும் வெவசாயிதான். ஊரு சார்பா அவுகதான் குழாயப் பாக்குறாக. சரியாத்தான் இருக்குன்னுட்டு எந்திரிச்சுப் போயிருறாக. அவுக மகன் மரிய ஜெரால்டு குவாரியில மோட்டார் ஓட்டுறான்."

அன்று மதியமே போனார்கள். கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே கல் வைத்திருந்தார்கள். தகரத்தில் ஒரு ஓட்டை. முனகல் அதிலிருந்துதான் வந்தது. பெல்சி கையை அதன்மேல் வைத்தாள். கிணறு அவள் உள்ளங்கையை உள்ளே இழுத்தது. வெடுக்கென்று கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதன்பின் சந்திரலேகாவை விட்டு அவள் நகரவில்லை.

குழாயின் பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று உபகாரசாமியிடம். இன்னொன்று வெளியூர்க்காரரான குவாரி மேலாளர் சத்தியமூர்த்தியிடம். அவருடைய அலுவலக வாசலில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"சாப்பிட்டீங்களா மேடம்?" என்றார் அவர். "இந்தப் பாதையில லாரி கண்ணுமண்ணு தெரியாம வரும். போறப்ப பார்த்துப் போங்க."

அவரே வந்து பூட்டைத் திறந்தார். குழாயில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே நின்றது. சந்திரலேகா ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றச் சொன்னாள். மட்டம் ஏறியது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். ஏறிய இடத்திலேயே நின்றது. பிறகு கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி அடிவரை இறக்கினாள். அது மேலே வந்தபோது கறுப்புச் சேறு அப்பியிருந்தது. சேற்றுக்குள் ஒரு பொடி நத்தை ஓடு.

உபகாரசாமி, சத்தியமூர்த்தி எல்லோரையும் கிணற்றடிக்கு வரச் சொன்னாள்.

"சரளைக்குள்ள எறக்குன குழாயில ஊத்துன தண்ணி உடனே வெளிய பரவிப் போயிரணும். போகல. குழாயோட அடி அடைபட்டிருக்கு. அதுக்குள்ள நிக்கிறது ஊத்துத் தண்ணியே இல்ல. நீங்க இறைக்கிறப்ப இந்தக் கிணறு இறங்குது, காத்தை உள்ள இழுக்குது. அதுதான் முனகல். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு, கிணத்துக்கும் லீவு."

"மண்ணு தானா அடைச்சிருக்கும்," என்றார் சத்தியமூர்த்தி.

"சரளையில கறுப்புக் களி ஏது? இது கண்மாய்க்குள்ள வெட்டுற கரம்பை."

"அப்ப இவருதான்," என்று பெல்சி மேலாளரைக் காட்டினாள்.

"இவரா இருந்தா சிமெண்ட் மூட்டையப் பிரிச்சிருப்பாரு. வரப்புல எலி வளை ஒழுகினா கரம்பையக் குழைச்சு அடைக்கிறது விவசாயியோட கை." சந்திரலேகாவின் குரல் தாழ்ந்தது. "சாவி வச்சிருக்க ரெண்டு பேர்ல விவசாயி ஒருத்தர்தான்."

உபகாரசாமி தங்கையைப் பார்க்கவில்லை. "குழாய அடைக்கலேன்னா எம் மகன் குழியவிட்டு ஏறி வரமாட்டான்னு இந்த மேனேசர் சொன்னாக, ஆத்தா."

"கிழவன் உளறுறான்," என்ற சத்தியமூர்த்தி செருப்பு தேயக் குவாரிப் பக்கம் நடந்தார். நடை வேகமானது.

சகாயம்மாள் அண்ணன் கையைப் பிடித்தாள். "எங் கெணறு கெடக்கட்டும். மொதல்ல அவன மேல வரச் சொல்லுங்கண்ணே."

உபகாரசாமி போனை எடுத்தார். பெல்சி அதை வாங்கி எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

"ஜெரால்டு, மோட்டார நிறுத்து. கேள்வி கேக்காத. ஏறி வா."

சாவியைத் தங்கையின் கையில் வைத்தார். "நாளைக்கு அதிகாரி வரவும் அந்தக் கரம்பைய நானே குத்தி எடுக்குறேன்."

முனகல் மெலிந்தது, அடங்கியது. அந்த அமைதி பெல்சிக்கு இன்னும் பயமாக இருந்தது. மேலாளர் குழியின் விளிம்பை நெருங்கிவிட்டார்.

விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. பிறகு தோள். மேலாளர் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். பையன் ஒதுங்கி, அவரைத் தாண்டி, வயலைப் பார்த்து ஓடிவந்தான்.

தகரத்துக்கு அடியில், எங்கோ ஆழத்தில், தண்ணீர் ஊறும் சத்தம் கேட்டது.