அடைக்கச் சொன்ன வாசல்

போட்டது ஏழு இலை. எடுக்கப் போனபோது பதினொன்று கிடந்தது.

சொர்ணலதா இரண்டு தடவை எண்ணிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். கடைசி நான்கு இலைகளும் வழித்துச் சாப்பிடப்பட்டிருந்தன. இலை நரம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக விரல் தடம். யார் இந்த நாலு பேர்? மணி மூன்று. நாலு மணிக்குக் கல்வித்துறை இன்ஸ்பெக்டர் வருவார். கூடத்துக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் இருட்டறை. குழந்தைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தால்தான் நர்சரிக்கு அனுமதி என்று போன தடவையே கறாராகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷ டீச்சர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இதில் இறங்கியவள் அவள். அனுமதி கிடைக்காவிட்டால் நடுத்தெருதான்.

வீடும் லேசுப்பட்டதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்காகக் கட்டியது. கூரான ஓட்டு முகப்பு, வண்ணக் கண்ணாடி, மைசூர்க் குளிருக்குத் தேவையே இல்லாத கணப்பு அடுப்பு. அப்புறம் விதைக் கிடங்கு, அப்புறம் ஏதோ ஆபீஸ், எழுபத்தெட்டிலிருந்து பதினைந்து வருஷம் பூட்டு. ஓர் ஆணி அடித்தால் ஒரு கூடை காரை விழும். மூன்று மாதமாக அவளைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கருப்புசாமி வந்து இலைகளைப் பார்த்தார். கொள்ளேகால் பக்கத்து ஆள், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவர் முகம் வெளுத்தது.

"அம்மிணி, பந்திக்கு எப்படிக் கூப்புட்டீங்க?"

"எப்படின்னா? ஆளுங்க பீடி குடிச்சுக்கிட்டு வெளியவே நின்னாங்க. டைம் ஆகுதேன்னு, இந்த வீட்டுல கை வெச்சு வேலை செஞ்சவங்க எல்லாரும் வந்து உக்காருங்கன்னேன். அதுக்கென்ன இப்போ?"

வேலை முடிகிற நாளில் வீட்டுக்காரர்கள் கொத்தனார்களுக்குச் சோறு போடுவது வழக்கம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி உட்கார வைக்க வேண்டும் என்று காலையிலேயே அவர் சொல்லியிருந்தார். அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பேரச் சொல்லித்தானுங்க கூப்புடோணும். இந்த வீடு கட்டறப்பப் பின் சுவரு சரிஞ்சு நாலு பேரு அடியில போயிட்டாங்க. தோண்டி எடுக்காம மேலயே சுவர ஏத்திட்டாங்களாம். அவங்களும் கை வெச்சவங்கதானுங்களே."

"மேஸ்திரி, கதையெல்லாம் அப்புறம். மொதல்ல வாசலை அடைங்க."

அவர் சாந்து பூசும் கரணையைத் துடைத்துப் பையில் போட்டார். "சோறு தின்னவங்க வேலைய முடிக்காமப் போமாட்டாங்க. நீங்களும் வெளிய வந்துருங்க."

ஏழு பேரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. தின்றுவிட்டுப் போகிற நேரமா இது? சேலையைத் தூக்கிச் செருகினாள். நானே அடுக்குகிறேன், என்ன பெரிய வித்தை.

சாந்துச் சட்டி இருட்டறைக்குள் இருந்தது. உள்ளே போனதும் வெளியே அடித்த வெயில், தெருவில் போன ஆட்டோ, சாம்பாரின் பெருங்காய வாசனை எல்லாம் ஒரே நேரத்தில் விலகிப்போன மாதிரி இருந்தது; பதிலுக்கு ஈரச் சுண்ணாம்பின் நெடியும், பல நாள் மூடிக்கிடந்த கிணற்றின் குளிர்ச்சியும், சுவருக்குள் மெல்ல மெல்ல மணல் சரிகிற சத்தமும் வந்தன. குனிந்து சட்டியைத் தடவினாள்.

முதுகுக்குப் பின்னால் டக் என்றது. செங்கல் மேல் கரணை தட்டுகிற சத்தம்.

"வந்துட்டீங்களா?" நிம்மதியாகத்தான் கேட்டாள்.

டக். டக்.

திரும்பினாள். வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஏறியிருந்தது. யாரும் இல்லை. ஓடி வந்து கால் தூக்குவதற்குள் இடுப்பு உயரம். தள்ளிப் பார்த்தாள். ஈரம் கூட இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் வைத்த மாதிரி இறுகிக் கிடந்தது.

"வேண்டாம். நிறுத்துங்க. நான் உள்ள இருக்கேன்."

நெஞ்சு உயரம். கழுத்து. டக். ஒரு கோடு வெளிச்சம். அதுவும் போயிற்று.

கத்தினாள். குரல் சுவரைத் தாண்டவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். இன்ஸ்பெக்டர். கூடத்தில் நடந்தார். நின்றார். சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். வேலை ரொம்பச் சுத்தம், வாசல் இருந்த அடையாளமே தெரியவில்லை என்று கூட வந்தவரிடம் கன்னடத்தில் சொன்னார். காகிதத்தில் முத்திரை விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்தது.

இருட்டு. அவள் மூச்சு மட்டும்.

பிறகு, அவளுக்கு வலது பக்கம், கை எட்டும் தூரத்தில், ஈரச் சாந்தை யாரோ உள்ளங்கையால் பூசினார்கள். இடது பக்கமும். முதுகுக்குப் பின்னாலும். சுவர் முடிந்தது. கைகள் நிற்கவில்லை. குளிர்ந்த சாந்து அவள் கணுக்காலில் பட்டது. நிதானமாக, மேடு பள்ளம் இல்லாமல், மேல்நோக்கிப் பூசிக்கொண்டு வந்தன.