ஜோசுவாவின் ஆடு யார் பொறுப்பு?

கீர்த்திக்கு இப்போதெல்லாம் ஆடு என்றாலே எரிச்சலாக வந்தது. அதிலும் மிட்டாய் என்கிற இந்த ஆடு.

மிட்டாய் அவளுடைய ஆடு அல்ல. அவளோடு ஆறாம் வகுப்பில் படிக்கும் ஜோசுவாவின் ஆடு. சித்தி கல்யாணத்துக்காக அவன் வீட்டில் எல்லோரும் தாமல் கிராமத்துக்குக் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவோம், அதுவரை பார்த்துக்கொள்வாயா என்று ஜோசுவா கேட்டான். கீர்த்தி சரி என்றாள். வந்ததும் அப்படியே திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னாள். 'அப்படியே' என்று யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சேர்த்துக்கொண்டாள்.

வந்த அன்றைக்கே மிட்டாய் அவளுடைய பள்ளிச் சீருடையின் காலரை மென்றது. மறுநாள் தம்பி அபி வரைந்து வைத்திருந்த இந்திய வரைபடத்தில் குஜராத்திலிருந்து கேரளா வரை தின்றுவிட்டது. அபி அழுதான். மிட்டாய் மிச்ச இந்தியாவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு பிரேம்நாத் மாமா தெருவில் பாவு நீட்டியிருந்தார். புடவைக்கான நீள இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, காயவிட்டுச் சுருட்டுவார்கள். அதுவரை பைக்கில் வருபவர்கள்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். மிட்டாய்க்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

கீர்த்தி பல் துலக்கிவிட்டு வெளியே வந்தபோது மிட்டாய் பாவின் ஓரத்தில் நின்று, கஞ்சி தடவிய பட்டு இழைகளைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. ஒரு கைப்பிடி இழைகள் அறுந்து தொங்கின.

பிரேம்நாத் மாமா ஆட்டைப் பிடித்து, ஒரு கயிற்றால் தன் வாசல் தூணில் கட்டினார்.

"பாவு சரியாகற வரைக்கும் இந்த ஆடு இங்கதான் இருக்கும்" என்றார். "யாரு வந்து கேட்டாலும் விடமாட்டேன்."

கீர்த்தி ஆட்டைப் பார்த்தாள். சாயங்காலம் ஜோசுவா வந்து கேட்டால் என்ன சொல்வது?

அதற்குள் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். தறி நெய்யும் அவள் அப்பா தினகரன், ஆடு ஜோசுவா வீட்டுடையது, அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், ஆடு இருக்கிற தெருவில் பாவு நீட்டினால் காவலுக்கு ஆள் போட வேண்டாமா என்றார். உடனே பிரேம்நாத் மாமா அவரிடம் சண்டைக்குப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அறுந்த இழைகளோடு பாவைச் சுருட்டினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

அம்மா அம்சவேணி கீர்த்தியைத் தனியாக இழுத்தாள்.

"நீ இன்னாத்துக்கு முழிச்சிக்கினு நிக்கற? கூலியா வாங்கின? சும்மா செஞ்ச உதவிதானே. உனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சும்மான்னாலும் நான் சரின்னு சொன்னேன்ல மா?"

அம்மா அவள் கையை விட்டாள்.

கீர்த்தி தன் வீட்டில் ஆட்டைக் கட்டியிருந்த முளைக்குச்சியைப் போய்ப் பார்த்தாள். கயிறு அறுபடவில்லை. அவிழ்ந்து கிடந்தது. அதன் நுனி எச்சிலால் ஈரமாக இருந்தது. அவளுக்கு விஷயம் விளங்கியது. தறியில் உட்கார்ந்தபடியே பாவுக் கயிற்றைத் தளர்த்த அப்பா ஒரு முடிச்சுப் போடுவார். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். கீர்த்திக்குத் தெரிந்த முடிச்சும் அதுதான். ஆட்டின் கழுத்திலும் அதையே போட்டிருந்தாள். மிட்டாய் நுனியை மென்று இழுத்திருக்கிறது.

தறிக்கும் ஆட்டுக்கும் ஒரே முடிச்சா என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அவள் நேராக பிரேம்நாத் மாமாவிடம் போய் முடிச்சு விஷயத்தைச் சொன்னாள்.

"பாத்துக்கறேன்னு வாங்கினது நான். சரியா கட்டாததும் நான். ஜோசுவா மேல தப்பு இல்ல மாமா."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா வெற்றி பெற்றவர்போல எல்லோரையும் பார்த்தார். அப்போது அவருடைய ஆறு வயது மகள் அனு, தூணருகே உட்கார்ந்து ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"மிட்டாய்க்குக் கஞ்சி ரொம்பப் பிடிக்கும். அப்பாதான் நேத்து பக்கெட்டுல ஊத்தி, வா வான்னு கூப்பிட்டாரு. முந்தாநாளும்."

மாமா தொண்டையைச் செருமினார். மிச்சக் கஞ்சியை வீணாக்கக் கூடாது என்று ஊற்றியதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அப்போ பாதி என்னுது, பாதி உங்களுது" என்றாள் கீர்த்தி. "நூலு நீங்க குடுங்க. அறுந்த இழையைச் சேத்துப் புணைக்கிற வேலை நான் செய்றேன். பேசிக்கினே இருந்தா பாவு காஞ்சி, சுருட்டற நேரம் வந்துடும்."

மாமா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு உள்ளே போய் அதே நிறப் பட்டு நூலை எடுத்து வந்தார்.

நூல் வழுக்காமலிருக்க கீர்த்தி விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அறுந்த முனையோடு புது நூலைச் சேர்த்து முறுக்கி, மறுமுனையையும் அப்படியே முறுக்க வேண்டும். ஒன்றை முடித்தால் அடுத்தது காத்திருந்தது. கழுத்து வலித்தது. நடுவில் மிட்டாய் கத்தியது. "வாயை மூடு" என்றாள் நிமிராமலே. பாதியில் அம்மா வந்து, எதிரே உட்கார்ந்து அவளும் முறுக்க ஆரம்பித்தாள்.

வேலை முடிந்ததும் மாமா பாவைக் கையால் நீவிப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை. அவரே தூணிலிருந்து ஆட்டை அவிழ்த்து, கயிற்றைக் கீர்த்தியிடம் கொடுத்தார். இனிமேல் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுவதாகவும் சொன்னார்.

சாயங்காலம் ஜோசுவா வந்தான். கீர்த்தி நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, மிட்டாயின் நாலு கால், இரண்டு காது, வால் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஜோசுவா எல்லாம் சரி என்று சொல்லிக் கயிற்றை வாங்கிக்கொண்டான். கல்யாண வீட்டு லட்டு ஒன்றையும் கொடுத்தான். அவள் அதைத் தின்றபடி திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் துணி கிழியும் சத்தம் கேட்டது.

"கீர்த்தி, சட்டையைக் கடிக்குதுபா" என்றான் ஜோசுவா.

"என் சட்டையா, உன் சட்டையா?"

"என்னுது."

"கயிறு யாரு கையில இருக்குது?"

"என் கையில."

"அப்ப நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கீர்த்தி லட்டின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.