காதுக்குப் பின்னால் ஒரு கீறல்

வெயில் ஏறுவதற்குள் மிதவைக் குடியிருப்பின் சூரியத் தகடுகளைத் துடைத்து முடிப்பது தணிகாசலத்தின் வேலை. கடலூர்க் கரையைக் கடல் விழுங்கிய பிறகு தண்ணீர்மேல் கட்டிய ஊர் அது. சமைக்காதவர்களுக்குச் சாப்பாடு சுவர்த் திறப்பில் வந்துவிடும். உடம்புக்கு முடியாவிட்டால் தானே வைத்தியம் பார்க்கும் நலக்கூண்டு மாடிக்கு ஒன்று, ஓர் ஆள் மட்டும் நுழையலாம். பல வருஷங்கள் குடியிருந்தும் எதிர்வீட்டுக்காரி பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அது குறையாகவும் தோன்றியதில்லை.

அன்று தகடுகளுக்கு அடியில், பறவைத் தடுப்பு வலையில் ஒரு நரி சிக்கிக் கிடந்தது. அலையாத்திக் காடு அடர்ந்ததிலிருந்து நரிகள் நடைபாலத்தில் வருவது சகஜம். வலையை அறுத்துவிட்டான். விடுபட்ட வேகத்தில் அது அவன் தோள்மேல் பாய்ந்தது. அவன் நிலைதடுமாறி விழ, கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடியது.

தன் மாடி நலக்கூண்டுக்குள் போய்க் காலைக் காட்டினான். கூண்டு காயத்தைச் சோப்புநீரில் நெடுநேரம் கழுவியது. எதிர்ப்புப்புரத மருந்தைக் கடிவாயிலேயே செலுத்தியது. கையில் தடுப்பூசி போட்டது. ஆனால் கதவைத் திறக்காமல், திரையில் ஒரு டாக்டரைக் கொண்டுவந்தது. மரகதமணி என்று பெயர் இருந்தது.

"கூட யாரு இருக்காங்க?"

"யாருமில்ல டாக்டர். அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே."

"முடியல. நீங்க காட்டுன காயத்துக்குத்தான் கூண்டு மருந்து போட்டிருக்கு. இன்னொருத்தர் உங்க உடம்பு பூரா பாக்கணும். வெறிநாய்க்கடிக்கு அதுதான் சட்டம்."

"கடிச்சது நரிதானே? ஊசியும் போட்டாச்சு."

"நோய் ஒண்ணுதான். முன்னாடியெல்லாம் ஊசி போட்டும் சிலர் செத்துப்போனாங்க. பெரிய காயத்துக்கு வைத்தியம் பாத்துட்டு, தலைமுடிக்குள்ள ஒரு பல்லு பட்டத விட்டிருப்பாங்க. ஊசி வேலை செய்ய நாளாகும். அதுவரைக்கும் காயத்துல போடுற மருந்துதான் கிருமியப் பிடிச்சு வைக்கும். ஒரு காயத்த விட்டாலும் அது நரம்பு வழியா மூளைக்குப் போயிரும். போய் யாரையாவது கூப்பிடுங்க."

கூண்டு கதவைத் திறந்ததும் எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டினான். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்துக் கைகழுவி, கையுறை மாட்டிக்கொண்டாள்.

"ஜெசிந்தா என் பேரு. இப்படி வெளிச்சத்துல உக்காருங்க."

முதுகைப் பார்த்தாள், விரலிடுக்குகளைப் பார்த்தாள். பிறகு தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தாள். வலது காதுக்குப் பின்னால் அவள் விரல் நின்றது.

"இது வலிக்கலையா உங்களுக்கு?"

"எது?"

"நகம் அளவுக்குக் கீறிருக்கு. ரத்தம் காஞ்சிருக்கு. எந்திரிங்க, எந்திரிங்க."

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கூண்டு அந்த இடத்து முடியை மழித்து, கழுவி, கீறலைச் சுற்றி மருந்து ஏற்றியது. ஜெசிந்தா கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றாள். மரகதமணி திரையில் சிரித்தார்.

"இப்பத்தான் முடிஞ்சுது. மிச்ச ஊசிகள நாள் தவறாம போட்டுக்கங்க. பயப்படாமப் போய்ச் சாப்பிடுங்க."

அவள் வீட்டில்தான் சாப்பிட்டான். மழித்த இடத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனும் சிரித்தான். இத்தனை நாள் தன் முதுகையும் பிடரியையும் யாருமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ரசம் ஊற்றும்போது கதவு தட்டப்பட்டது. மேல்மாடிக்காரர், சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"பூனை பிராண்டிருச்சு. கூண்டு ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லுது. இங்க பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, அதான்..."

தணிகாசலம் சாப்பாட்டிலிருந்து எழுந்து கைகழுவினான்.

"திரும்புங்க சார், பாக்கலாம்."